கேட்காமல் போனவர்கள்

எட்டாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நந்தனார் நாடகம் போட்டார்கள். நந்தன் வேசம் யாருக்கு என்பதில் வாத்தியாருக்கு யோசனையே இல்லை. சேரியிலிருந்து வருகிற மூணு பையன்களில் எனக்குத்தான் கொஞ்சம் குரல் இருந்தது. "நீதாண்டா நந்தன்" என்று சொல்லிவிட்டார். போட்டி எல்லாம் பண்ணையார் வேசத்துக்குத்தான்.

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், செம்மண்ணும் முந்திரிக்காடுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. நாடகத்துக்கு அப்பாயி வந்திருந்தது. நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கும்பிட்ட கையோடு, சிதம்பரம் போய்வர உத்தரவு கேட்டு மேடையில் கூனிக்கொண்டு நின்றேன். நல்ல கைதட்டல். வீட்டுக்கு வருகிற வழியில் அப்பாயி கேட்டது: "ஏண்டா தம்பி, அவன் எதுக்குப் போயிப் போயிக் கேட்டுக்கிட்டு நிக்கிறான்? போவணும்னா போயிட வேண்டியதுதான? நம்ம வகையறாவுல கேக்காமப் போனவங்க இருக்காங்க. ராவோட ராவா கொள்ளிடத்தத் தாண்டி, கடக்கரைக்குப் போயி, கப்பலேறிட்டாங்களாம். எந்தச் சீமைக்குப் போனாங்கன்னு தெரியாது. ஆனா ஆருகிட்டயும் கேக்கல."

அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் நந்தன் கதையைப் பற்றி நான் படித்த விமர்சனங்கள் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. தமிழ் இலக்கியத்தில் சேரி மனிதன் ஊரைவிட்டுப் போவது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க, அப்பாயியின் கேள்வியைத்தான் நான் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன்.

1

திருநாளைப்போவார் என்ற பெயரே தள்ளிப்போடுவதைச் சொல்லும் பெயர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய நந்தன், தன் பிறப்பை நினைத்துத் தானே தயங்கி, நாளைக்குப் போவோம் என்று நாளைக் கடத்துகிறவன். பெரிய புராணத்தில் அவனைத் தடுக்கிற பண்ணையார் யாரும் கிடையாது. வேதியர் என்ற அந்தப் பண்ணையாரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் பலம் அதுதான். பக்தியின் கதைக்குள் 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூர் மிராசு வந்து உட்கார்ந்துவிடுகிறது. சாமிக்கும் நந்தனுக்கும் நடுவில் பண்ணை இருக்கிறது என்ற உண்மை வெளியே வந்துவிடுகிறது.

ஆனால் வந்த உண்மையைக் கீர்த்தனை என்ன செய்கிறது? நந்தனைக் கேட்க வைக்கிறது. மறுபடி மறுபடி கேட்க வைக்கிறது. நாற்பது வேலி நிலத்தையும் ஒரே ராத்திரியில் அறுத்து முடித்தால் போகலாம் என்கிறார் வேதியர். சிவனின் பூதகணங்கள் வந்து அறுத்து முடிக்கின்றன. பக்தர்கள் இந்த இடத்தில் கண்ணீர் விடுவார்கள். நாம் கணக்குப் பார்ப்போம். நெல் பண்ணைக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒரு மரக்கால் நட்டம் இல்லை. கடவுளே இறங்கி வந்தாலும் ஆண்டை வீட்டுக் களத்தை நிரப்பிவிட்டுத்தான் ஆளை விடுவிக்க முடிகிறது. அதற்கப்புறம் சிதம்பரத்தில் நெருப்பு. சேரி உடம்பு வெந்து, பூணூலோடு ஒரு முனிவர் எழுந்து வந்தால்தான் கோயிலுக்குள் இடம். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகம் இந்த நெருப்பைச் சதி என்று திருப்பிக் காட்டியது. அது முக்கியமான மாற்றம்தான். ஆனாலும் நந்தன் போகிற ஊர் மாறவில்லை. எல்லா நந்தன்களும் சிதம்பரத்துக்கே போய் அங்கேயே சாகிறார்கள்.

இந்தக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில் அச்சில் வந்தது. அதற்கு ஆதரவு தந்தவர் காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி. இலக்கிய வரலாற்றில் இதை ஒரு சுவையான துணுக்காகச் சொல்வார்கள். அந்தக் காலத்துக் காரைக்காலில் வேறென்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டால் துணுக்கு கனத்துப்போகும். நந்தன் உத்தரவு கேட்கும் புத்தகத்துக்குக் கை கொடுத்த அதே பிரெஞ்சு ஊரிலிருந்துதான், உத்தரவு கேட்காத பண்ணையாட்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள்.

2

1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது. கரீபியன் கடலில் இருக்கும் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் கரும்புத் தோட்டங்களை விட்டுக் கறுப்பு மக்கள் வெளியேறினார்கள். முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் கரையிலிருந்து ஆள் பிடித்தார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் முதல் கூட்டத்தை மார்த்தினிக்கில் இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் போய்ச் சேர்ந்தது. 1861 ஜூலை 1ஆம் தேதி இங்கிலாந்தும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டு, பிரிட்டிஷ் இந்தியாவிலேயே பிரெஞ்சுக்காரன் ஆள் எடுக்கலாம் என்று ஆக்கின. 1880களில் இது நிற்பதற்குள் மார்த்தினிக்குக்கு 25,000 பேருக்கு மேல், குவாதலூப்புக்கு 40,000 பேருக்கு மேல் போயிருந்தார்கள். இங்கிலீஷ்காரனின் டிரினிடாட் தீவுக்கு 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 1,44,000 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து ஏறியவர்கள். சென்னையிலிருந்து போனவர்கள் அங்கே 'மதராசி' ஆனார்கள்.

தஞ்சாவூர், தென்னாற்காடு, திருச்சி ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் இவர்களில் உண்டு. எங்கள் உடையார்பாளையம் தாலுகா அன்று திருச்சி ஜில்லா. போனவர்கள் எல்லாரும் சேரி ஆட்கள் என்று சொல்ல மாட்டேன். பல சாதிக்காரர்களும் போனார்கள். முஸ்லிம்களும் போனார்கள். ஆனால் பறையர், பள்ளர் பெருமளவில் போனதற்குக் காரணம் பஞ்சம் மட்டுமல்ல. 1843 சட்டம், அடிமை என்ற சொத்துரிமையைக் கோர்ட் ஏற்காது என்று சொன்னது. ஊரில் கடன் சீட்டு அப்படியே இருந்தது. தர்மா குமார் 1965இல் எழுதிய தென்னிந்திய நிலமும் சாதியும் பற்றிய நூல், நிலமில்லாத கூலிச் சாதிகள் இங்கிலீஷ்காரன் வருவதற்கு முன்பே பெருந்தொகையாக இருந்ததைக் காட்டியது. அதாவது நம்ம ஆள் ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்குப் போனான். இரண்டாவது கட்டுக்கு ஐந்து வருசம் என்று ஒரு கெடுவாவது எழுதியிருந்தது. முதல் கட்டுக்குக் கெடுவே கிடையாது.

இருபது, இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைகள். பிரெஞ்சு ஒப்பந்தப்படி ஆம்பளைக்கு மாசம் பன்னிரண்டரை பிராங்க் கூலி; பொம்பளைக்கு அதைவிடக் குறைவு. ஏறத்தாழ மூணு மாசக் கடல். ஏமாற்றிக் கூட்டிப்போன தரகன் உண்டு. கப்பலிலேயே செத்தவர்கள் உண்டு. போன இடத்தில் கையில் சீட்டு இல்லாமல் தோட்டத்துக்கு வெளியே நின்றால் ஊர்சுற்றி என்று பிடித்து உள்ளே தள்ளலாம். குவாதலூப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு விடுதலைப் பயணம் என்று கொடி பிடிக்க நான் தயாரில்லை. சங்கிலியும் கதவும் ஒரே கப்பலில் இருந்தன. சங்கிலியை மட்டும் எழுதிய இலக்கியத்தைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

3

ஒப்பந்தக் கூலி பற்றித் தமிழில் எல்லாருக்கும் தெரிந்தது பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே'. அது பிஜித் தீவுப் பெண்களைப் பற்றியது. ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான மனசாட்சியை எழுப்பிய பாட்டு என்ற மரியாதை அதற்கு உண்டு. ஆனால் அங்கே பெண்கள் 'ஹிந்து' ஸ்திரீகளாக இருக்கிறார்கள், சாதி இல்லை. அவர்கள் அழுகிறார்கள், சாகிறார்கள், தாய்நாட்டை நினைக்கிறார்கள். அந்தத் தாய்நாடு அவர்களைத் தெருவில் நடக்க விட்டதா, குளத்தில் தண்ணீர் மொள்ள விட்டதா என்ற கேள்வி பாட்டுக்குள் நுழைய முடியாது. நுழைந்தால் கண்ணீரின் திசை மாறிப்போகும்.

புதுமைப்பித்தன் இந்த இடத்தில் நேர்மையானவர். 'துன்பக்கேணி'யின் மருதி சேரிப் பெண். வாசவன்பட்டியில் சாதியும் பண்ணையும் போலீசும் சேர்ந்துதான் அவள் குடும்பத்தை உடைக்கின்றன. அப்புறம்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டம் வருகிறது. ஊரும் நரகம் என்று எழுதத் துணிந்த கதை அது. நமக்கு அதில் குறைபடுவது ஒன்றுதான்: மருதி போவது தள்ளப்பட்டுப் போவது. அவளுக்கு ஒரு கணமாவது 'ஒழியட்டும் இந்த ஊர்' என்று தோன்றியிருக்காதா? அந்த ஒரு கணத்தை எழுத, கேணிக்குள் இருந்து பார்த்த ஆள் வேண்டும்.

அடுத்து, கரையின் அந்தப் பக்கம். டிரினிடாடில் பிறந்த நைபாலின் 'மிஸ்டர் பிஸ்வாஸுக்கு ஒரு வீடு' 1961இல் வந்தது. அதில் சின்னப் பையன் பிஸ்வாஸ் தன் வீட்டில் தோட்டக் கூலியின் மகன். பெரியம்மா வீட்டுப் பூசைக்குப் போனால் பிராமணப் பிள்ளை. உட்கார வைத்து மரியாதை செய்து சோறு போடுவார்கள். திரும்பி வந்தால் மறுபடியும் கூலி மகன். நைபாலின் கேலி கூர்மையானது. ஆனால் அது காட்டுகிற உண்மையை நாம் வேறுமாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். கப்பலில் ஒரே பானையில் தின்று, ஒரே கொட்டடியில் படுத்த பிறகும், சாதியால் ஆதாயம் இருந்தவன் அதைத் துணியில் முடிந்து பத்திரமாக வைத்திருந்தான். ஆதாயம் இல்லாதவன் கடலில் விட்டுவிட்டான். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று மேல்சாதிக்காரன் பயந்தான். நமக்கு அது பயமா? நல்ல சேதி.

மார்த்தினிக்கின் பெரும் கவி எமே செசேர், 1939இல் வந்த தன் நெடுங்கவிதையில் உலகத்து ஒடுக்கப்பட்டவர்களோடு தன்னை அடையாளப்படுத்தும்போது ஒரு இந்துவையும் சேர்த்தார். நன்றி. ஆனால் அவனைக் கல்கத்தாக்காரன் என்று எழுதினார். அவருடைய தீவின் தலைநகரில் தெருக் கூட்டியவர்களில் பலர் நம்ம கரையிலிருந்து போனவர்களின் பிள்ளைகள். பக்கத்தில் இருந்தவன் பேர் கவிதைக்கு எட்டவில்லை. பல வருசம் கழித்து, 2004இல், அதே தீவின் கிரியோல் எழுத்தாளர் ரஃபாயேல் கோன்ஃபியான், தமிழ்நாட்டிலிருந்து மார்த்தினிக் போன ஒரு குடும்பத்தைப் பற்றிப் பிரெஞ்சில் நாவல் எழுதினார். 'நரியின் வயிறு' என்று பொருள்படும் தலைப்பு. கப்பலேறியவனின் கதையை எழுத ஒரு கரீபியன் எழுத்தாளருக்குத் தோன்றியிருக்கிறது. கரையில் நின்ற நமக்கு என்ன ஆச்சு?

4

கேட்காமல் போனவர்கள் கூடவே யாரைக் கொண்டுபோனார்கள்? இதுதான் எனக்கு முக்கியமான சாட்சியம். புத்தகம் கொண்டுபோகவில்லை, அவர்களைப் படிக்க விட்டால்தானே. மாரியம்மனைக் கொண்டுபோனார்கள். குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் அவள் பேர் 'மலியேமேன்'. பக்கத்திலேயே நிற்பவன் 'மல்தேவிலேன்'. இரண்டு முறை சொல்லிப் பாருங்கள், புரியும். மதுரைவீரன். கடல் காத்த நாகூர் ஆண்டவருக்கும் 'நகூர்மிரா' என்று அங்கே கொடி ஏறுகிறது. ஆட்டை வெட்டிப் படையல் உண்டு. சாமியை அழைக்கத் தப்பு உண்டு. அதன் பேரும் ஏறக்குறைய அதேதான், 'தப்பு'.

நாளைக்குப் போவேன் என்றவனைக் கூட்டிப்போகாமல் வீரனை ஏன் கூட்டிப்போனார்கள்? வீரன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன். பொம்மியைக் கூட்டிக்கொண்டு போகும்போது எவனிடமும் உத்தரவு கேட்காதவன். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவன். அவனுக்கும் தண்டனைதான் முடிவு. ஆனால் அவன் செத்தது உடம்பை மாற்றிக்கொண்டு பூணூலோடு எழுந்திருப்பதற்காக அல்ல. வெட்டுப்பட்ட உடம்போடேயே சாமியானான். கப்பலேறியவனுக்குத் தன் கதை எது என்று தெரிந்திருக்கிறது. இலக்கிய விமர்சனத்தில் இதைத் 'தேர்வு' என்போம். கைநாட்டு வைத்தவர்கள் செய்த இலக்கியத் தேர்வு இது.

மொழி மூணு நாலு தலைமுறையில் பேச்சிலிருந்து போய்விட்டது. மிஞ்சியது தப்பும் வீரனும் ஆத்தாவும். இங்கே சாவு மேளம், தீண்டாச் சாமி, காட்டுமிராண்டிப் பலி என்று ஒதுக்கப்பட்டவை, கடலுக்கு அப்பால் தமிழ்ப் பண்பாடு என்றாலே இவைதான் என்று ஆகிவிட்டன. ஆனால் சாதியும் கப்பலேறத் தெரிந்தது. டிரினிடாடில் வட இந்தியப் பண்டிதர்களின் கை ஓங்கியபோது மதராசியின் காளி பூசை கீழான வழிபாடாகத் தள்ளப்பட்டது. ஆடு வெட்டக் கூடாது, தப்பு கூடாது, சமஸ்கிருத மந்திரம் வேண்டும் என்கிற திருத்தம், போன இடத்திலெல்லாம் நம்ம சாமியைத் துரத்திக்கொண்டே வருகிறது. தமிழ்ப் பண்பாட்டை அங்கே 'மீட்கப்' போகிற நம்மவர்கள், எந்தப் பண்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறோம் என்று ஒருமுறை மூட்டையை அவிழ்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

5

சொர்க்கத்துக்குப் போகவில்லை அவர்கள். மார்த்தினிக்கில் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தவர்கள், ஊர் திரும்பக் கப்பல் கிடைக்காமல் தெருக் கூட்டிப் பிழைத்தார்கள். கூலி என்றால் சாக்கடையோடு சேர்த்துப் பேசும் வசவு அந்த ஊர்ப் பேச்சில் புழங்கியது. எங்கே போனாலும் நம்ம கையில் துடைப்பம் எப்படி வந்து சேர்கிறது! சாதி இல்லாத ஊரிலும் வேலை, அவமானமாக மாற முடியும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் அங்கே எதிர்த்து நிற்க ஒரு இடம் இருந்தது. குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம், கூலிகளின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை வேண்டும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904இல் வழக்கில் இறங்கினார். 1923இல்தான் அது முடிந்தது. ஜெயித்தார். அந்தப் பெயரைப் பார்த்துச் சாதி சொல்ல முடியாது. பிரெஞ்சுத் தீவுகளில் போனவனின் சொந்தப் பேரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பேர் ஆகிவிட்டது. முத்துசாமி, ராமசாமி, வீரப்பன். பட்டம் ஒட்டவில்லை. முத்துசாமி என்ற அப்படிப்பட்ட ஒரு குடும்பப் பேரோடுதான் எர்னஸ்ட் முத்துசாமி 1981இல் குவாதலூப்பிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போனார்; கவிதையும் நாவலும் எழுதினார்.

இந்தச் சிதம்பரம் கோர்ட்டுப் படியேறி ஜெயித்தபோது, நம்ம சிதம்பரம் கோயிலுக்குள் நந்தனின் ஆட்கள் போக முடியாது. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. ஒரு நந்தன் கேட்டுப் போய் வெந்தான். கேட்காமல் போனவர்களின் பிள்ளை பத்தொன்பது வருசம் வாதாடி நின்றான். எந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு நாடகமாகச் சொல்லிக்கொடுப்பது?

6

எங்கள் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டரில் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரனின் கடற்படையெடுப்புக்கு ஆயிரமாவது ஆண்டு என்று 2025இல் பெரிய விழா நடந்தது. தமிழன் கடலை ஆண்டான் என்று பேசினார்கள். கலிங்கத்துப் போருக்குப் பரணி பாடிய புலவர் பேரும் செயங்கொண்டார்தான். ராசா போனால் பரணி. கூலி போனால் பாட்டும் இல்லை, பேரும் இல்லை. சென்னையில் கப்பலேறியவனின் குடிபெயர்வுச் சீட்டில் பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஊர் எல்லாம் எழுதியிருந்தார்கள். தரவு இருக்கிறது, எழுதத்தான் ஆள் இல்லை.

என் அக்கா மகன் ஐ.டி.ஐ. முடித்தவன். இருபத்தோரு வயசு. வளைகுடாவுக்குக் கிளம்பினான். மச்சான் சொன்னார்: "ஆண்டகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடா. நாள பின்ன நாங்க இங்க இருக்கணும்ல." அந்த முந்திரிக்காட்டில்தான் மச்சான் இன்னும் வேலை பார்க்கிறார். பையன் ஒன்றும் பேசவில்லை. விடியக்காலம் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து போன் பண்ணினான். "கேக்கல மாமா" என்றான்.

போன இடத்தில் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டானாம். வெள்ளைக்காரன் காலத்துத் துறைமுகத்தில் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்று ஒரு அதிகாரி இருப்பார். 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்தப் பதவி அதே பேரில் தொடர்ந்தது. பேர் மாறவில்லை. சங்கிலியும் மாறவில்லை. அவன் கேக்காமல் போனதைக் கொண்டாடவும், அந்தப் பாஸ்போர்ட்டை மீட்க மனுப் போடவும், இரண்டையும் சேர்த்தே நாம் செய்ய வேண்டியிருக்கிறது. அதை அவன் எழுத வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். நோட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றான்.

படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் அப்பாயி, அம்மாயியிடம் கேளுங்கள்: நம்ம வகையறாவில் கப்பலுக்குப் போனது யார்? பேர் தெரிந்தால் பேரை, ஊர் தெரிந்தால் ஊரை எழுதி வையுங்கள். ஒரு பேராவது கிடைத்தால் போதும், அடுத்த ஆண்டுவிழாவுக்கு நம்மிடம் வேறு நாடகம் இருக்கும்.